எட்டரையின் ஐந்தாவது கட்டம்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கு ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. இயக்குநரில் தொடங்கி வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் எட்டரை. எங்கள் ஆராய்ச்சி மையத்தின் பின்புறப் புல்வெளியில், காற்றுப் புகும்படி சட்டம் அடித்த ஒரு வெள்ளை மரப்பெட்டி நின்றது. தினமும் காலை எட்டரைக்கு அதைத் திறந்து, உள்ளே இருக்கும் வெப்பமானிகளைப் பார்த்து எழுதுவது அவர் வேலை. எட்டு இருபத்தொன்பதும் கிடையாது, எட்டு முப்பத்தொன்றும் கிடையாது. ஞாயிறு, விடுமுறை எதுவும் பார்க்காமல் இருபத்தேழு வருடம் எழுதினார்.

பருவநிலை மாற்றத்தை ஆராய்ந்து அரசாங்கத்துக்கு யோசனை சொல்லும் பல்கலைக்கழக மையம் எங்களுடையது. பூமி சூடாவதைப் பற்றி அங்கே பேசாதவர் கிடையாது. வெயிலில் போய் நின்று பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

மகளுக்குப் பிரசவ வலி எடுத்த காலையில்கூட, ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, எழுதிவிட்டுத் திரும்பிப் போனார். பேத்தி பிறந்ததை அவருக்குச் சொன்னது ஆஸ்பத்திரி வாசலில் பூ விற்றவன். "அந்தப் பெட்டிதான் இவருக்கு மூத்த சம்சாரம். நான் சும்மா ஒட்டிக்கிட்டு வந்தவ" என்பார் அவர் மனைவி. சிரித்துக்கொண்டேதான் சொல்வார், ஆனால் அந்தச் சிரிப்பு முழுச் சிரிப்பு இல்லை.

நான் அங்கே தட்டச்சு செய்பவள். ஒப்பந்த வேலை. வருடத்துக்கு ஒரு தரம் இயக்குநர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடமும் நாற்காலி எனக்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி இருக்கும்.

அவருடைய நோட்டுகளில் ஐந்து கட்டங்கள் இருந்தன. தேதி, அதிக வெப்பம், குறைந்த வெப்பம், மழை, குறிப்பு. முதல் நாலையும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். மனிதர் குடியிருந்தது ஐந்தாவதில்தான். "பெட்டிக்குள் பல்லி." "பக்கத்தில் சருகு எரித்தார்கள், கணக்கில் கொள்க." "தோட்டக்காரர் தண்ணீர் பீய்ச்சிவிட்டார், சண்டை போட்டேன்." ஒரு நாள் வெறுமனே, "காய்ச்சல். எனக்கு."

அவர் எழுதத் தொடங்கி இருபத்தோரு வருடம் ஆனபோது பின்புறத்தில் புதுக் கட்டிடம் எழுந்தது. சுற்றுச்சூழலுக்கு உகந்த கட்டிடம் என்று வாசலில் பளிங்குப் பலகை வைத்தார்கள். உள்ளே பெரிய கம்ப்யூட்டர்களுக்கென்று ஓர் அறை, அதற்கு இரவும் பகலும் ஓடும் ஏ.சி. அதன் வெளிப்பெட்டிகள் நாலும் அனலைக் கக்கியது நேராக எட்டரையின் மரப்பெட்டி மேல். நடுவில் பதினோரு அடி.

"சார், பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வச்சிடலாம் சார். ராத்திரி சூடு பொய்யா ஏறுது" என்று இயக்குநரிடம் போய் நின்றார்.

"அடுத்த மீட்டிங்ல பேசுவோம்" என்றார் இயக்குநர்.

அந்த மீட்டிங் வரவே இல்லை. எட்டரை விடவில்லை. ஐந்தாவது கட்டத்தில் தினமும் "ஏ.சி. அனல் பெட்டி மேல் அடிக்கிறது" என்று எழுதினார். போகப்போக அது "ஏ.சி. அனல்" என்று சுருங்கியது. ஆறு வருடம், ஒரு நாள் விடாமல்.

பிறகு எல்லா நோட்டுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. திரையில் வந்த படிவத்தில் நாலு கட்டம்தான் இருந்தது. "மேடம், குறிப்புன்னு ஒண்ணு இருக்கே, அதை எங்க அடிக்கிறது?" என்று திட்ட அதிகாரியைக் கேட்டேன்.

"பல்லி, தோட்டக்காரன் கதையெல்லாம் நமக்கு எதுக்கு? நம்பர் மட்டும் அடிங்க" என்றார் அவர்.

அடித்தேன். முதலில் உறுத்தியது. ஒரு வாரத்தில் கண் அந்தக் கட்டத்தைப் பார்ப்பதையே நிறுத்திக்கொண்டது. நாலு மாதத்தில் முடித்தேன், வேகமாக முடித்ததற்குப் பாராட்டுக்கூடக் கிடைத்தது. அதோடு விட்டார்களா? மரங்களைக் காப்பாற்றக் காகிதமில்லா அலுவலகம் ஆகிறோம் என்று, நோட்டுகளைக் கட்டுக்கட்டாகக் காகித ஆலைக்கு அனுப்பினார்கள். கட்டியது நான். பட்டியலில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். எட்டரை ஒரு நோட்டையாவது கொடுங்கள் என்று கேட்டார். அரசாங்க ஆவணம், கொடுக்கக் கூடாது என்றார்கள். ஆலைக்குக் கொடுக்கலாமாம்.

அடுத்த மாதமே எங்கள் மையத்தின் பெரிய அறிக்கை வந்தது. இந்த நகரத்தின் இரவுகள் ஆறே வருடத்தில் இரண்டு டிகிரி சூடேறிவிட்டன என்றது. இயக்குநர் டிவியில் வந்தார். நகராட்சிக்குப் புதுக் கொள்கையே எழுதிக் கொடுத்தார்கள். எட்டரை அதைப் படித்துவிட்டு என் மேசைக்கு ஓடி வந்தார்.

"குறிப்பைப் பார்க்கலையாம்மா யாரும்?"

"படிவத்துல அந்தக் கட்டம் இல்லண்ணே."

அப்போதும் எனக்கு அதன் கனம் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. அங்கேயே நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

நாலு மாதம் கழித்து இன்னொரு பல்கலைக்கழகம் குட்டை உடைத்தது. பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அவர்கள் பெட்டியில் அப்படி ஒரு ஏற்றமே இல்லை. விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட குழு வந்தது. குழு வருவதற்கு முந்தின வாரமே, பழுதுபார்க்க என்று சொல்லி மரப்பெட்டியைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். புல்வெளி சுத்தமாக இருந்தது.

"ஏ.சி.க்குப் பக்கத்துலதான் சார் பெட்டி இருந்துச்சு. தினமும் எழுதி வச்சேன்" என்றார் எட்டரை.

"பெட்டி புல்வெளி நடுவுலதான் இருந்தது" என்றார் இயக்குநர். குரலில் ஒரு பிசிறுகூட இல்லை.

"எழுதினீங்கன்னா நோட்டு எங்க?" என்றது குழு.

என்னைக் கூப்பிட்டார்கள். அறை ஜில்லென்று இருந்தது. எதிரில் இயக்குநர். என் ஒப்பந்தத் தாள் அந்த வாரம் அவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"நீங்கதானே தட்டச்சு செஞ்சது? ஏ.சி. பத்தி நோட்டுல ஏதாவது எழுதியிருந்ததா?"

ஒரே ஒரு வார்த்தை. ஆமாம். அது தொண்டை வரை வந்தது, சத்தியமாக வந்தது.

"ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

எட்டரை என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். வெப்பமானியைப் பார்ப்பதுபோல, இது சரியாகத்தான் காட்டுகிறதா என்று பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

வெப்பமானியை வாசித்தவரின் கவனக்குறைவு என்று முடிவானது. கடைசி ஆறு வருடப் பதிவை மட்டும் நீக்கியிருக்கலாம். அலட்சியமான ஆள் எழுதியது எதையும் நம்ப முடியாது என்று இருபத்தேழு வருடத்தையும் சேர்த்தே நீக்கினார்கள். ஓய்வுக்கு இரண்டு மாதம் இருந்த மனிதரை மறுநாளே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பஸ் நிறுத்தத்தில் அவரைப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் விடவில்லை.

"என் பேர் கெட்டுப்போனது போகட்டும்மா. கட்டிடம் வர்றதுக்கு முந்தின இருபத்தோரு வருஷம் என்ன பாவம் பண்ணுச்சு? அப்பவே ராத்திரி சூடு ஏறிக்கிட்டுத்தான் இருந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா. அது நிஜம்மா. அதை நான் என் கண்ணால பார்த்தேன். இனிமே யார் சொன்னாலும் ஆதாரம் எங்கன்னு கேப்பாங்க."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. இயக்குநர் இப்போதும் இயக்குநர்தான். மொட்டை மாடியில் தானாகவே எழுதிக்கொள்ளும் கருவி ஒன்று வந்திருக்கிறது. குழு போகும்போது ஓர் உருப்படியான யோசனையும் சொல்லிவிட்டுப் போனது. இனிமேல் படிவத்தில் குறிப்பு என்று ஐந்தாவது கட்டம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டுமாம்.

அந்தக் கட்டத்தில் முதல் வரியை அடிக்கச் சொல்லித் திட்ட அதிகாரி ஒரு தாளைக் கொடுத்தார். "முந்தைய பதிவுகள் அனைத்தும் வாசித்தவரின் கவனக்குறைவால் நீக்கப்பட்டன."

சுவர்க் கடிகாரத்தில் எட்டரை ஆகியிருந்தது. ஓர் எழுத்துப் பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன்.