பின்சக்கரத்து ஈரம்

என் நாத்தனார் புருஷனை விட்டு வந்தபோது கையில் இருந்தது ஒரு பெட்டியும், வண்டி ஓட்டத் தெரியும் என்கிற திமிரும்தான். ஒன்பது வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். பதினோரு பிள்ளைகள். என் மகளும் அதில் ஒருத்தி, கடைசி இருக்கையில் ஜன்னலோரம். நாத்தனார் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். இரண்டு பேருக்கும் அடுப்பு ஒன்றுதான். வாய்ச்சண்டைக்கு மட்டும் குறைவில்லை.

அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வேனை வேறு யாரும் தொடக்கூடாது. டயருக்குக் காற்றடிப்பது முதல் கண்ணாடி துடைப்பது வரை எல்லாம் அவள்தான். என் வீட்டுக்காரர் அவளைவிட ஒன்றரை வயதுதான் மூத்தவர். ஒருமுறை ஆசையாக வேன் கண்ணாடிக்குப் புது வைப்பர் மாட்டிவிட்டு, "உன் ஆபீஸ் மேஜையில நான் வந்து கை வைக்கிறேனா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். அதோடு திருந்திவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை, வேன் நின்ற இடத்தில் இடது பின்சக்கரத்துக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். சக்கரத்தின் உள்பக்கமும் நனைந்திருந்தது. பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே மெக்கானிக்கிடம் போனாள். மிக்ஸியைப் பழுது பார்க்கக் கொடுக்க வேண்டியிருந்ததால் நானும் ஏறிக்கொண்டேன்.

மெக்கானிக் குனிந்து பார்த்தான். சக்கரத்துப் பக்கம் ஒழுகினால் இரண்டில் ஒன்று என்றான். ப்ரேக் ஆயிலாக இருக்கும், இல்லையென்றால் அச்சுக்குள் இருக்கும் கியர் ஆயில், அதைத் தடுக்கும் ரப்பர் சீல் தேய்ந்து, வெளியே வரும். முன்மூடியைத் திறந்து ப்ரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தான். மேல்கோடு வரை நிறைந்திருந்தது. கடைசியாக எப்போது ஊற்றினீர்கள் என்று கேட்டான். இரண்டு மாதம் ஆச்சு என்றாள் இவள்.

"அப்போ ப்ரேக் இல்லக்கா. அது ஒழுகுனா டப்பாவுல இறங்கியிருக்கும். இது சீல்தான்."

சக்கரத்தை அவன் கழற்றிப் பார்க்கவில்லை. ஏற்கெனவே நாலு வண்டிகள் பிரிந்து கிடந்தன. சீல் வரச் சனிக்கிழமை ஆகும், அதுவரை மெதுவாக ஓட்டுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

இரண்டு நாளும் அவள் சக்கரத்தை ஒரு பழைய துண்டால் துடைத்து, அதை என் வாளியில் போட்டுவிட்டுப் போனாள். வியாழக்கிழமை காலை அதைக் கையில் எடுத்தேன். என் அப்பா லாரி ஓட்டியவர். கியர் ஆயில் பட்ட துணி அழுகின முட்டை மாதிரி நாறும். சோப்பு, சுடுதண்ணீர், மண்ணெண்ணெய் எதற்கும் மசியாது. இந்தத் துண்டில் நாற்றமே இல்லை. தண்ணீர் பட்டதும் வழுவழுத்தது, இரண்டு அலசலில் போய்விட்டது.

ஈரக் கையோடு வந்து, இது கியர் ஆயில் இல்லை என்றேன். சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியவள் சிரித்தாள்.

"மெக்கானிக்குக்குத் தெரியாதது உங்க வாளிக்குத் தெரியுமா அண்ணி?"

"வாளிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கியர் ஆயில் தண்ணியில கரையாது. ப்ரேக் ஆயில் பேருக்குத்தான் ஆயில், அதுதான் கரையும்."

"டப்பா நிறைய இருக்கே. அதுக்கென்ன சொல்றீங்க?"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரின் கை தட்டோடு நின்றது.

"நான்தான் ஊத்துனேன்," என்றார்.

பத்து நாளாக, தங்கை குளிக்கப் போகும் நேரம் பார்த்து வேனைத் திறந்திருக்கிறார். டப்பாவில் குறைந்ததைக் கோடு வரை நிரப்பியிருக்கிறார். ஓடுகிற வண்டி என்றால் குறையத்தானே செய்யும் என்று நினைத்தாராம். சொன்னால் திட்டுவாள் என்று சொல்லவில்லையாம்.

நான் அவரைப் பேசியதை இங்கே எழுத முடியாது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அப்புறம் சொன்னாள். நேற்று சாயந்திரம் மேம்பாலத்து இறக்கத்தில் ப்ரேக் மிதி தரைவரை போய்விட்டதாம். நாலு தடவை மிதித்த பிறகுதான் பிடித்ததாம். முன்னால் நின்ற பஸ்ஸுக்கும் வேனுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. பிள்ளைகள் பின்னால் பாடிக்கொண்டு வந்திருக்கின்றன.

"ஏன்டி நேத்தே சொல்லல?"

"சொன்னா வண்டிய வித்துடுன்னு அண்ணன் ஆரம்பிச்சுடுவான். நீங்களும் ஒத்து ஊதுவீங்க."

ஊதியிருப்பேன். பொய் சொல்வானேன்?

மணி ஏழேகால். சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். வண்டி ரிப்பேர் என்று மட்டும் சொல்லேன் என்றேன். கேட்கவில்லை. பத்து வீட்டுக்கும், "ப்ரேக் ஒழுகியிருக்கு, தெரியாம ரெண்டு நாள் உங்க பிள்ளைங்கள வச்சு ஓட்டிட்டேன்" என்றே சொன்னாள். நாலு வீட்டில் இனிமேல் வேன் வேண்டாம் என்றார்கள். ஒரு அம்மா முழுசாகக் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள். அதற்குத்தான் இவள் கண் கலங்கினாள்.

மெக்கானிக் சாமான்களோடு வீட்டுக்கே வந்து சக்கரத்தைக் கழற்றினான். ப்ரேக் சிலிண்டரின் ரப்பர் கிழிந்து, உள்ளே பிடிக்க வேண்டிய கட்டைகள் சொட்டச் சொட்ட ஊறிக் கிடந்தன. டப்பாவை மட்டும் பார்த்துச் சொல்லியிருக்கக் கூடாது என்று தலை குனிந்தான். அவனை அவள் திட்டவில்லை. இரண்டு பக்கமும் மாற்றிவிடு என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்தது. அவள் அண்ணனைக் கூப்பிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னாள். ஒன்பது வருஷத்தில் அன்றுதான் அவர் அங்கே உட்கார்ந்தார். அவள் சாக்கை விரித்து, சக்கரத்துப் பக்கத்தில் டார்ச்சோடு படுத்துக்கொண்டாள். மிதி, விடு, மிதி என்று அரைமணி நேரம். ஒரு சொட்டு இல்லை. அப்படியும் எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை வாசலில் வேன் நின்றது. மகளின் பையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். முந்தைய ராத்திரி முழுக்க அந்த ஒரு முழம்தான் கண் முன்னால். மகளை ஏற்றிவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு நானும் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்மேல நம்பிக்கை இல்லையா அண்ணி?"

"இல்ல," என்றேன். "வண்டிய எடு."

அவள் எடுத்தாள். தெருமுனை வருவதற்குள் மூன்று தடவை ப்ரேக் போட்டாள்.