ஒற்றைக் காலணியோடு வந்தவர்

இறந்து மூன்று மணி நேரமான ஒருவருக்குச் சட்டைப் பொத்தான் மாட்டிவிட்டவன் நான். மாற்றி மாட்டியதற்கு அவரிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன். சத்தியமாக நடந்தது. என் மனைவி எடித் மட்டும் முப்பது வருஷமாக, "இந்தாளு வாயைத் திறந்தாலே புளுகு" என்பாள்.

அப்போது அவள் யார்க் நகரத்து நாடக அரங்கில் மேடை மேலாளர். நான் நடிகர்களுக்கு உடை மாட்டிவிடுபவன். என் பொறுப்பில் இருந்தவர் டெஸ்மண்ட் த்ரெல்கெல்ட். பத்தொன்பது வயதில் மேடையேறியவர். பதினொரு படங்களில் போலீஸ் அதிகாரி. தெருவில் நடந்தால் நிஜத் திருடனே சல்யூட் அடிப்பான்!

ஊருக்கே தெரிந்த அந்த முகத்தை அவர் மகள் ஹெஸ்டர் ஆறு வயதுக்குப் பிறகு நேரில் பார்த்ததில்லை. தாயோடு போய்விட்டவள். அந்தச் சனிக்கிழமை மதியக் காட்சிக்கு அவளுக்கு டிக்கெட் அனுப்பியிருந்தார். மூன்றாம் வரிசை, ஏழாம் இருக்கை. வாரம் முழுக்க ஒரே கேள்வி.

"வருவாளா, வில்ஃப்?"

1974 நவம்பர். மதியம் 1.55.

காட்சி தொடங்க "அரை மணி!" என்று எடித் ஒப்பனை அறைகளின் ஒவ்வொரு கதவாகத் தட்டுவாள். உள்ளிருந்து "நன்றி" வரவேண்டும். வராவிட்டால் அந்த நடிகர் வரவில்லை என்று பொருள். மாற்று நடிகர் தயாராவார். அன்று அவள் மாற்று நடிகர் யாரையும் கூப்பிடவில்லை.

2.02. சட்டையோடு டெஸ்மண்ட் அறைக்குள் போனேன். கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தார். அறையில் அப்படியொரு குளிர்... தேநீரில் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது! என் வாயிலிருந்து புகை வந்தது.

அவர் வாயிலிருந்து... வரவில்லை.

இடது காலில் வெறும் சாக்ஸ்.

"ஷூ எங்க சார்?"

"அவசரம்ப்பா. பொத்தானை மாத்தி மாட்டுற பாரு, கண்ணு தெரியலையா? ...போய்ப் பாத்துட்டு வா. வந்துட்டாளா?"

திரையின் ஓட்டை வழியே பார்த்தேன். ஏழாம் இருக்கை. பச்சை ஸ்கார்ஃப். அவருடைய அதே மூக்கு.

2.11. ஓடி வந்தேன்.

"வந்துட்டாங்க சார்!"

கண்ணை மூடிக்கொண்டார். "அப்பாடா..."

டக். விளக்கொன்று அணைந்தது.

கோட்டை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தேன்.

நாற்காலியில் சட்டை. கழுத்துவரை பொத்தான் மாட்டிய சட்டை.

உள்ளே...

யாருமில்லை.

2.14. தொலைபேசி அடித்தது. அவர் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா. கட்டிலோரம் விழுந்து கிடந்தாராம். காலை பதினொன்றுக்கே உயிர் போயிருக்கும் என்றாராம் டாக்டர்.

ஒரு காலில் ஷூ. இன்னொன்று கையில்.

அதன்பிறகு ஹெஸ்டர் வருஷம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருவாள். "நான் வந்தது அப்பாவுக்குத் தெரியுமா?" தெரியும் என்பேன். "பாவம் அந்தப் பொண்ணு, அதுகிட்டயுமா புளுகுவே, வில்ஃப்?" என்று எடித் அடுக்களையிலிருந்து கத்துவாள்.

போன மாதமும் வந்தாள். நரைத்துவிட்டது. இந்த முறை என்னைக் கேட்கவில்லை.

"எடித், நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. நீங்க சொல்லுங்க."

எடித் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பயத்துல இத்தனை வருஷம் மறைச்சுட்டேன்மா. அன்னைக்கு 1.55-க்கு அவர் கதவைத் தட்டினேன்..."

என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நன்றின்னாரு. என் ரெண்டு காதாலயும் கேட்டேன்."