ஈசாரில் கரைத்த சாம்பல்

சேஷாத்ரியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வரும். 1968இல் மியூனிக்கில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். அவனுக்குக் களிமண் வேதியியலில் ஆராய்ச்சி. எறும்புக்குக்கூட ஒதுங்கி நடக்கிற ஆசாமி.

அந்த வருஷம் அவனுடைய பேராசிரியை மியூசியம் விலைக்கு வாங்கிய எட்ருஸ்கர்களின் சுடுமண் பேழை ஒன்றை அவனிடம் ஒப்படைத்தார். ரோமாபுரி தலையெடுப்பதற்கு முன்பே இத்தாலியில் கொடிகட்டிப் பறந்தவர்கள் அவர்கள். இறந்தவரை எரித்து, சாம்பலை இப்படிப் பேழையில் போட்டுக் கல்லறைக்குள் வைப்பார்களாம். மூடியின்மேல் மண்ணில் வடித்த ஒரு பெண், விருந்துக்கு வந்தவள்போல ஒருக்களித்துச் சாய்ந்து, கண்ணை அகல விழித்துக்கொண்டிருப்பாள். உள்ளே ஒரு பிடி சாம்பல், சில எலும்புத் துணுக்குகள். பேழையின் மண்ணைச் சோதிப்பது மட்டுமே இவன் வேலை.

மாசியில் கும்பகோணத்தில் அவன் அம்மா காலமானபோது இவனால் போக முடியவில்லை. தம்பிதான் கொள்ளி வைத்தான். அதிலிருந்தே ஆள் சரியில்லை.

“சாம்பலைக் கரைக்காம பீரோவுல வச்சிருக்காளேடா! அந்தப் பொண்ணு என்னையே பாக்கறா. பயமா இருக்குடா” என்று புலம்புவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாம்பலையும் எலும்பையும் பொட்டலம் கட்டி எடுத்துப்போய், சாதம் உருட்டிப் பிண்டம் வைத்து, ஈசார் ஆற்றில் கரைத்துவிட்டு ஈரத்தலையோடு வந்து நின்றான்.

“அடப்பாவி! மியூசியத்துச் சொத்துடா அது! விசாவைப் பிடுங்கிக்கிட்டு பிளேன் ஏத்திடுவாங்க, படிப்பும் போச்சு!” என்று கத்தினேன்.

“அவாளுக்கு மண்ணுதான் வேணும். சாம்பலை யார் கேக்கப்போறா?” என்றான்.

மறுநாளே கேட்டார்கள். அந்தச் சாம்பலை அடுத்த வாரம் வேறொரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டுமாம். அதன்பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. யாராவது கதவைத் தட்டினால் என்னைத்தான் திறக்கச் சொல்வான். அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டு வை என்றுகூடச் சொன்னேன். மாட்டவே மாட்டேன் என்றுவிட்டான். வெள்ளிக்கிழமை பேராசிரியையின் அறைக்குள் போய் உள்ளதைச் சொன்னான். நான் வெளியே நின்றிருந்தேன். அவன் திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

“ஊருக்கு அனுப்பறாங்களா?”

“இல்ல. இருந்து படிப்பை முடின்னுட்டா.”

“அப்பாடா! பிழைச்சே போ!” என்று முதுகில் தட்டினேன். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“பேழையை வித்த வியாபாரியே எதையாவது உள்ள போட்டிருப்பான்னு அவாளுக்குச் சந்தேகமாம். மனுஷா எலும்பா, ஆட்டெலும்பான்னு பாக்கத்தான் அனுப்பறதா இருந்தாளாம். இனிமே யாராலயும் சொல்ல முடியாதாம். நான் எங்கம்மா பேரைச் சொல்லிப் பிண்டம் வச்சேன்டா, ரவி.”