ரஹீமின் மினுங்கிய மீசை

போன மாதம் என் மகள் ஒரு வளையம் வாங்கி வந்து கழிப்பறைக் கொமட்டில் ஒட்டினாள். இருட்டில் பச்சையாக ஒளிரும் வளையம். வயதுபோன தகப்பனுக்கு இரவில் குறி தவறுகிறது என்பதை ஒரு பிள்ளை இதைவிட நாகரிகமாகச் சொல்ல ஏலாது. லைட்டை அணைத்துப் பார்த்தேன். ஏதோ ஒரு தெய்வத்தின் தலையைக் காணவில்லை, அதன் பின்னால் சுழலும் ஒளிவட்டம் மட்டும் வந்து குந்தியிருப்பதுபோல இருந்தது.

"பிள்ளை, இதில ரேடியம் கிடக்கோ?"

"இல்லையப்பா. பகல் வெளிச்சத்தைக் குடிச்சிட்டு இருட்டில விடுற சாமான் இது. ரேடியத்தை இப்ப ஆர் பூசுறாங்கள்?"

இப்போது யாரும் பூசுவதில்லைதான். எனக்குத் தெரிந்து கடைசியாகப் பூசியவன் ரஹீம். அதுவும் மீசையில்.

பல்கலைக்கழகம் என்னை வேண்டாம் என்று சொன்ன பிறகு, திருகோணமலைத் துறைமுக வீதியில் ஒரு பழைய சாமான் கடையில் வேலைக்கு நின்றேன். உலக யுத்தம் முடிந்து வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போனவை எல்லாம் ஏலத்தில் கைமாறிக் கைமாறி எங்கள் கடைக்கு வந்து சேரும். கிறீஸும் உப்பும் துருவும் கலந்த ஒரு வாடை. வீட்டுக்குப் போனால் அம்மா என்னைக் கிணற்றடியிலேயே மறித்துவிடுவா. ரஹீமுக்கும் என் வயதுதான். கிண்ணியாவிலிருந்து தினமும் பாதையில் வருவான். பாதை என்றால் றோட்டு என்று நினைக்காதீர்கள். ஆளையும் ஆட்டையும் லொறியையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் அசைந்து வரும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். பழைய கருவிகளை உடைத்துப் பித்தளை வேறு, இரும்பு வேறாகப் பிரிப்பது அவன் வேலை. உடைப்பதில் அவனுக்கு ஒரு பக்தியே உண்டு.

ஒருநாள் பின்னறையிலிருந்து கத்தினான். ஜன்னல் இல்லாத அறை, நடுப்பகலிலும் கும்மிருட்டு.

"மச்சான், ஓடி வா! சாக்குக்குள்ள என்னமோ முழிச்சிட்டுக் கிடக்கு!"

கப்பலிலோ விமானத்திலோ இருந்த மானிகளின் முகங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் இலக்கங்கள் மங்கல் பச்சையில் மிதந்தன. பலதுக்கு ஒளி செத்துவிட்டிருந்தது. இரண்டொன்றுதான் உயிரோடு இருந்தன. நல்லதாக ஒன்றைத் தெரிந்தெடுத்து, முதலாளியிடம் கேட்டு, ரஹீம் வீட்டுக்குக் கொண்டுபோனான். மனைவி நிஹாராவுக்கு அப்போதுதான் ஆண்பிள்ளை பிறந்திருந்தது. மின்சாரம் இல்லாத வீடு. பிள்ளைக்குப் பால் கொடுக்க எழும்பும்போது தலைமாட்டில் ஒரு வெளிச்சம் இருக்கட்டும் என்றான். கலியாணத்துக்குப் பிறகு அவன் கொடுத்த முதல் பரிசு அதுதான் என்று பின்னால் நிஹாரா சொன்னாள்.

அத்தோடு நின்றிருக்கலாம். கண்ணாடி உடைந்த இன்னொன்றிலிருந்து பூச்சைச் சுரண்டி, தீக்குச்சியை எச்சிலில் நனைத்துத் தொட்டுத் தொட்டுத் தன் மீசையில் பூசிக்கொண்டான். என் பெருவிரல் நகத்துக்கும் மிச்சம் கிடைத்தது. பிறகு பின்னறையில் போய் நின்றான். முதலாளி தேத்தண்ணீரோடு உள்ளே போனார். முகம் இல்லாமல் ஒரு மீசை மட்டும் அந்தரத்தில் நின்று, "என்ன முதலாளி, சுகமா?" என்று கேட்டது. கோப்பை ஒரு பக்கம், இடுப்புச் சாரம் ஒரு பக்கம். அந்த மனுசன் கூப்பிடாத தெய்வம் இல்லை. ரஹீமின் தெய்வத்தையும் சேர்த்தே கூப்பிட்டார்.

நாங்கள் சிரித்து ஓயுமுன் பள்ளிக்கூட விஞ்ஞான மாஸ்டர் அந்தப் பின்னறைக்கே வந்தார். பூதக்கண்ணாடி தேடி அடிக்கடி வருகிறவர். விசயத்தைக் கேட்டதும் அவருடைய முகம் மாறிவிட்டது.

"எச்சில் தொட்டனீரோ? உது ரேடியமடாப்பா. கண்ணாடிக்குள்ள அடைஞ்சு கிடந்தால் பெரிசாப் பயமில்லை. சுரண்டின தூள் உள்ள போகக் கூடாது. எலும்பு அதைச் சுண்ணாம்பு எண்டு நினைச்சு ஏத்து வைச்சிருக்கும்."

"வச்சிருந்தா?"

"உள்ளுக்க இருந்து அரிக்கும். புற்றும் வரலாம்."

ரஹீம் அந்த இருட்டில் மாஸ்டரின் கையைப் பார்த்தான். பிறகு, "சேர், உங்கட கையில மினுங்குறது என்ன?" என்றான்.

மாஸ்டர் தன் மணிக்கூட்டைப் பார்த்தார். மாமனார் போட்ட சீதன மணிக்கூடு. கண்ணாடியில் குறுக்கே ஒரு வெடிப்பு. செத்த எலியைத் தூக்குவதுபோல வாரில் பிடித்துக் கழற்றி மேசையில் வைத்தார். அதற்குப் பிறகு அவரிடம் நேரம் கேட்டால் சூரியனைத்தான் பார்ப்பார்.

ரஹீம் மீசையைக் கழுவினான், பிறகு மழித்தான், பிறகு வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தான். திடீரென்று, "மச்சான், புள்ளைட தலமாடு!" என்றான். அந்தக் குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது. மூன்று பேரும் பாதைக்கு ஓடினோம். பாதை வழமைபோல ஆடி அசைந்துதான் போனது. ரஹீம் அதன் விளிம்பில் நின்று, தள்ளினால் வேகமாகப் போகும் என்பதுபோலக் கம்பியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தான். 

வீட்டில் பிள்ளை தூளியில் தூங்கியது. தலைமாட்டில் ஒன்றுமில்லை.

"அது எங்க?" என்றான் ரஹீம்.

"அரிசிப் பானைக்குள்ள," என்றாள் நிஹாரா. "ராவெல்லாம் முழிச்சி முழிச்சிப் பாக்குது. எனக்குப் பயமா இரிந்திச்சி. நேத்து ராவு நீங்க தூங்குன பொறகு போட்டு மூடிட்டன்."

ரஹீம் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான். "அப்ப நாம தின்ட சோறு?"

மாஸ்டர் துணியைச் சுற்றிக்கொண்டு அதை வெளியே எடுத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியில் கீறல்கூட இல்லை. தூள் வெளியே வரவில்லை, அரிசிக்கு ஒன்றுமில்லை என்றார். ரஹீம் நம்பவில்லை. அந்த அரிசி முடியும்வரை பாணும் வாழைப்பழமுமாகக் காலம் தள்ளினான். நிஹாரா ஆக்கித் தின்றாள். "மீசையில பூசுற ஆளு சோத்துக்குப் பயப்புடுறாரு," என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

அதைப் பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, சீமெந்து ஊற்றி இறுக்கி, வீட்டுக்குப் பின்னால் முருங்கையடியில் தாட்டோம். கொழும்பிலிருந்து ஆள் வந்து எடுப்பார்கள் என்றார் மாஸ்டர். அவர் எழுதியும் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. பிறகு வந்த உள்நாட்டு யுத்தக் காலத்தில் கொழும்பிலிருந்து யாரும் வராமலிருப்பதே நல்லது என்றாகிவிட்டது.

என் நகம் வளர்ந்து, வெட்டி, போய்விட்டது. ரஹீமின் பயம் போகவில்லை. பல் குத்தினால் ரேடியம், முழங்கால் பிடித்தால் ரேடியம். இருட்டில் ஒன்றுக்குப் போய் மினுங்குகிறதா என்று பார்த்ததாக அவனே சொன்னான். ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை, போம் என்று சொல்லிச் சொல்லி டொக்டர்மாரும் களைத்தார்கள். மீசையை அவன் திரும்ப வளர்க்கவே இல்லை.

அவன் எலும்பில் என்ன கிடந்தது என்று யாருக்கும் தெரியவராமலே போயிற்று. சுனாமி வந்த காலையில் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனவன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. நிஹாராவும் மகனும் குறிஞ்சாக்கேணியில் அவளுடைய உம்மா வீட்டில் நின்றதால் தப்பினார்கள். வீடு இல்லை. முருங்கை நின்ற இடத்தில் ஒரு குழி, அதற்குள் கடல்தண்ணி.

கடையை மூடியாயிற்று, முதலாளியும் மாஸ்டரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பாதை ஓடிய இடத்தில் இப்போது பாலம். காரில் போனால் ஒரு கதை கதைத்து முடிக்குமுன் கிண்ணியா வந்துவிடுகிறது. போன கிழமை நிஹாராவைப் பார்க்கப் போயிருந்தேன். ரேடியம் பாதி தேயவே ஆயிரத்தறுநூறு வருசம் வேணுமாம், அந்த டின் கடலுக்குள் எங்கே கிடக்கிறதோ என்றேன். அவள் தேத்தண்ணியை என் முன்னால் வைத்தாள்.

"அவர்ர மையித்தும் கிடைக்கல்ல, அந்த டின்னும் கிடைக்கல்ல அண்ணன். ரெண்டும் ஒரு இடத்துல போய்ச் சேந்திரிந்தா நல்லம். பயந்து பயந்து செத்தாலும், மனுசனுக்கு ஒரு வெளிச்சம் இரிக்கும்."