கோச்சிடம் கேட்காத கேள்வி

அமெரிக்காவில் அக்கா இருக்கும் ரவுண்ட் ராக் ஊர் மைதானத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. அக்கா மகளின் கால்பந்து அணி சற்றுமுன் தோற்றுவிட்டது.

“இவர்தான்டா கோச். டிவிலகூட வந்திருக்கார், பேசிட்டு இரு,” என்று அக்கா முறுக்கு டப்பா எடுக்கக் காருக்குப் போகிறாள்.

கோச் கறுப்பர். பெரிய கிளப்புகளில் ஆடியவர். கோல் வலையைச் சுருட்டியபடி ஆங்கிலத்தில் சொல்கிறார்: “பெரிய அணிகளை நடத்தும் மேனேஜர் வேலைக்கு என்னைக் கூப்பிடுவது இன்டர்வியூவோடு சரி. வேலை என்னுடன் ஆடிய வெள்ளைக்காரர்களுக்குப் போகும்.”

“டிவியில்?” என்று கேட்கிறேன்.

“நிறவெறிச் செய்தி வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள், எவ்வளவு வலித்தது என்று கேட்க. ஆட்டத்தைப் பற்றிப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார்கள்.”

எனக்கு ஆத்திரமாக வருகிறது. “உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும்!” என்கிறேன்.

அவர் சிரிக்கிறார். “இன்று ஏன் தோற்றோம் என்று நீங்களும் கேட்கவில்லை.”

இனிமேல் கேட்டால் அது மரியாதையா, நடிப்பா?

அதற்குள் அக்கா வந்து, டிஃபென்ஸ் ஏன் அப்படிச் சொதப்பியது என்று அவரிடம் சண்டைக்கே போகிறாள். கோச்சின் முகம் மலர்கிறது. டப்பாவைத் திறந்து, பெஞ்சில் முறுக்குகளை ஆட்டக்காரர்களாக அடுக்கி விளக்க ஆரம்பிக்கிறார்.

அதில் எது எங்கள் பெண் என்றுகூட எனக்குப் புரியவில்லை.