ஏழு தவளைப் படங்கள்

எனக்கு அப்போது ஒன்பது வயது. சின்னம்மா எங்கள் ஊர்த் திருநெல்வேலியில், பல்கலைக்கழகக் கம்பஸில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தார். மாரி மழை தொடங்கினால் குளம் குளமாகப் போய்த் தவளைகளைப் படம் பிடிப்பார். ஸ்டூடியோவில் கழுவி வந்த படங்களை என் முன்னால் பரப்பிப் பெயர் கேட்பார். விரல் நுனி வட்டமாக இருந்தால் மரத்தவளை. கண்ணுக்குப் பின்னால் புடைத்திருந்தால் தேரை. பிழை விட்டால் தலையில் ஒரு குட்டு.

ஒருநாள் ஏழு படங்களைக் கம்பஸில் கொடுக்கப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். சின்னப்பிள்ளை கூட வந்தால் ஆமி மறிக்காது என்பது அம்மாவின் எண்ணம். ஆனால் பலாலி வீதியில் மறித்தார்கள். கடல் கடந்து வந்து நின்ற பட்டாளம் அது.

எல்லோரையும் பஸ்ஸால் இறக்கிச் சோதித்தார்கள். சின்னம்மாவின் பையிலிருந்த படங்களைவிட, அவற்றின் பின்பக்க எழுத்துத்தான் அதிகாரியை உறுத்தியது. தமிழ் தெரிந்த ஒரு சிப்பாயைக் கூப்பிட்டார். அவன் தட்டுத் தடங்கலில்லாமல் வாசித்தான்: "தேரை இரண்டு. கோயில் குளம், கிழக்குக் கரை."

தேரை என்பது எவனுடைய பட்டப்பெயர், கிழக்குக் கரையில் எதைப் புதைத்திருக்கிறார்கள் என்று அதிகாரி கேட்டார். படிப்புக்காக எடுத்த படங்கள் என்று சின்னம்மா சொன்னது அவர் காதில் ஏறவில்லை. சின்னம்மாவை மணல் மூட்டைகளுக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பஸ்ஸில் வந்த ஒருவரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

சிப்பாய் என் முன்னால் குந்தினான்.

"பயப்படாதே பாப்பா. நீ சொல்ற பேரும் பின்னாடி எழுதியிருக்கிற பேரும் ஒண்ணா இருந்தா அக்காவை விட்டுடுவாங்க."

"அக்கா இல்லை, சின்னம்மா" என்றேன்.

ஒவ்வொரு படமாகக் காட்டினான். நான் சொல்ல, பின்பக்கத்தைப் பார்த்து அதிகாரிக்குத் தலையாட்டினான். ஆறும் சரி. ஏழாவது படம் மங்கலாக இருந்தது. விரல் நுனிகள் வட்டமாகத் தெரிந்தன.

"மரத்தவளை."

அவன் படத்தைத் திருப்பினான். நெடுநேரம் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். மெல்ல எழுந்து, அதிகாரியைப் பார்த்து முன்போலவே தலையாட்டினான்.

படங்களைத் திருப்பித் தந்து எங்களை விட்டார்கள். பஸ் வெளிக்கிட்டபிறகும் சின்னம்மா என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் ஏழாவது படத்தைத் திருப்பிப் பார்த்தேன். தேரை என்று எழுதியிருந்தது. விரல் நுனிகளில் இருந்தவை நீர்த்துளிகள்.

"சின்னம்மா, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். அவன் கவனிக்கேல்லை!"

சின்னம்மா படத்தை வாங்கிப் பார்த்தார். தூரத்தில் சிறுத்துக்கொண்டு போன மணல் மூட்டைச் சென்றியைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண் நிறைந்திருந்தது. பிழை விட்டதற்குக் குட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்தேன். குட்டு விழவில்லை.

"ஓம் பிள்ளை" என்றார். "இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. தலையாட்டினவருக்குத்தான் கரைச்சல்."

அவருக்கு என்ன தொல்லை வரும் என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்தநாளே பள்ளிக்கூடத்தில், ஆமிக்காரன் ஒருவனை நான் பேய்க்காட்டி ஏமாற்றிய கதையைக் கைதட்டிச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.