ரீட்டா போட்ட இரண்டாவது நாற்காலி

அந்தச் சனிக்கிழமை காலை நான் தெற்கு மாட வீதி தொடங்கும் மூலையில், குளத்துக் கம்பிவேலியை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். எப்போதும் எனக்கு முன்பே வந்து நிற்கும் ரீட்டாவை அன்று காணவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்த செல்வியிடம் கேட்டேன்.

"இன்னாமா, அது அப்பவே வந்துச்சே! இதோ, இங்கதான் நின்னுகினு இருந்துச்சு. நீ வரலன்னுட்டு அப்படிக்கா போச்சு" என்று கிழக்கே கை காட்டினாள்.

அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கியபோது கைப்பேசி அடித்தது. திரையில் ரீட்டாவின் பெயர். "எங்கடி போயிட்டே?" என்றேன். மறுமுனையில் பேசியது அவள் தம்பி ஜெரால்ட். "மைதிலிக்கா, அக்கா எழுந்திரிக்கல. ராத்திரி தூக்கத்திலயே போயிருக்கணும்னு டாக்டர் சொல்றாரு."

செல்வி ஒரு காலையில் எத்தனையோ முகங்களைப் பார்க்கிறவள். முந்தின வாரத்து ரீட்டாவை அன்றைய காலையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கலாம். எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் சாந்தோமுக்கு ஆட்டோ ஏறும் முன், கிழக்கு மாட வீதி திரும்பும் இடம்வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

எங்கள் பயணக் கையேடுகளை வாங்கிப் படித்த உங்களுக்கு ரீட்டா வெறும் பெயராக இருக்கலாம்; அவளோடு டீ குடித்தவர்களுக்கு அவள் ஒரு குரல். அபிராமபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் இயங்கும் சிறிய பதிப்பகம் எங்களுடையது. ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டு, குடித்து, சுற்றிவிட்டு வருவது ரீட்டாவின் வேலை. எழுதுவது என் வேலை. அம்மாவை இரவில் தனியாக விட முடியாது என்பதால் நான் எங்கும் போனதில்லை. போகாதவள் எழுதுகிறாள் என்பது வெளியே தெரிந்தால் யாரும் வாங்க மாட்டார்கள் என்று எங்கள் முதலாளி சேகர் சார் அவ்வப்போது சிரித்துக்கொண்டே சொல்வார். ரீட்டா சிரிக்க மாட்டாள். "அவ போகலன்னு யார் சொன்னது? நான் கூட்டிட்டுப் போறேன்" என்பாள்.

அவள் கூட்டிக்கொண்டு போகும் விதம் வேறு யாரிடமும் நான் பார்க்காதது. போன இடத்தில் குறிப்பு எடுக்க மாட்டாள், படமும் எடுக்க மாட்டாள். "படம் எடுத்துட்டா கண்ணு லீவு போட்டுடும், மச்சி." திரும்பி வந்ததும் சனிக்கிழமை காலைகளில் என்னை மயிலாப்பூர் மாட வீதிகளுக்கு வரச் சொல்வாள். தான் சுற்றிய ஊரை அந்த வீதிகளின் மேல் விரித்து, என்னை அதற்குள் நடத்துவாள். இதை 'ஒத்திகை' என்பாள். எனக்கு வலப்பக்கம், வண்டிகள் வரும் பக்கம் நடப்பாள். எங்கள் கடைசிப் புத்தகமான கம்பம் பள்ளத்தாக்குக் கையேடு முழுவதும் அப்படித்தான் உருவானது.

தெற்கு மாட வீதி உத்தமபாளையம். பாத்திரக் கடை வாசலில் நின்று, "இங்க மத்தியானத்துக்குள்ள வந்துடணும், பிரியாணி தீர்ந்துடும். ஃபேனுக்குக் கீழ உட்காராதே, இலை பறக்கும்" என்பாள். கிழக்கு மாட வீதி கம்பம். அங்கே பரோட்டாக் கடையின் சால்னா வாசம் எதுவரை வரும் என்று காட்ட, ஒரு தூண் தாண்டி நின்று மூக்கைத் தொட்டுக் காட்டுவாள். வடக்கு மாட வீதியில் திரும்பினால் சுருளிப் பக்கம் போகும் சாலை. இருபுறமும் திராட்சைப் பந்தல். "தலையைக் குனி" என்பாள். நான் குனிவேன். எதிரே வருகிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள். கூச்சத்தில் எனக்குக் காது சுடும்.

ஒரு நாள் அம்மா எங்களைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்த ரீட்டாவிடம் நேராகவே கேட்டாள். "ஏண்டிம்மா, நீ பேசிண்டே போறே, இவ தலையைக் குனிஞ்சுண்டே வரா. அது போகட்டும். கோயிலை யாராவது அப்பிரதட்சிணமா சுத்துவாளா? எங்காத்துல எல்லாம் காரியத்துக்குத்தான் அப்படிச் சுத்துவா."

தெற்கு, கிழக்கு, வடக்கு என்று நாங்கள் எதிர்த்திசையில்தான் நடந்துகொண்டிருந்தோம். எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை.

"நாங்க கோயிலைச் சுத்தல ஆன்ட்டி, கம்பத்தைச் சுத்துறோம்" என்றாள் ரீட்டா. "பஸ் அந்தப் பக்கமாத்தான் போகுது."

அம்மா சிரித்துவிட்டாள். ஆனால் அடுத்த சனிக்கிழமை நான் கிளம்பும்போது என் கையில் திருநீற்றைக் கொடுத்து, "அவளுக்கும் வெச்சு விடு" என்றாள். ரீட்டா மறுக்காமல் நெற்றியைக் காட்டினாள்.

ஒத்திகையின் கடைசி நிறுத்தம் வடக்கு மாட வீதியின் முடிவில், எப்போதும் பூட்டியே கிடக்கும் ஒரு கடை. பள்ளத்தாக்கில் அது ஒரு வீடு. பெயர்ப் பலகை கிடையாது. அந்த வீட்டம்மா தோட்டத்துப் பன்னீர்த் திராட்சையைக் கையால் பிசைந்து, உப்புப் போட்டு எவர்சில்வர் டம்ளரில் தருவார். அந்தப் பள்ளத்தாக்கில் குடிக்க வேண்டியதில் அதுதான் முதல், ஒயின் எல்லாம் அப்புறம் என்பது ரீட்டாவின் தீர்ப்பு. "சாயங்காலம் மலைக்காத்து முகத்துல அடிக்கும். அடிச்சுக்கிட்டே இருக்கும். எங்க அது சட்டுனு நிக்குதோ அங்க நில்லு. இடப்பக்கம் வீடு. படி தாழ்வா இருக்கும், பாத்து. ஒரு நாய் வரும். மத்தவங்களைக் குரைக்கும், நம்மளைக் குரைக்காது. கையைத் தொங்கப் போடு."

தொங்கப் போட்டேன். உள்ளங்கையில் ஈரமாக, குளிர்ச்சியாக ஏதோ பட்டு விலகியது. சட்டென்று கையை இழுத்துத் துப்பட்டாவில் துடைத்தேன். சுற்றிலும் நாயும் இல்லை, குழாயும் இல்லை. துப்பட்டாவில் துடைத்த இடம் மட்டும் நனைந்திருந்தது. வியர்வை என்றேன். ரீட்டா திருப்தியான முகத்தோடு பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளத்தாக்கின் ஒயினை எனக்குக் காட்டியது மட்டும் அவர்கள் வீட்டு மொட்டை மாடியில். சாந்தோம் கடல்காற்றில், இரண்டு காபிக் கோப்பைகளில் ஊற்றினாள். "ஆன்ட்டி கேட்டா திராட்சை ரசம்னு சொல்லு. பொய்யில்ல." நான் ஒரு வாய் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றேன். அவளுக்குக் கோபம் வந்தது. "நல்லா இருக்குன்னு எழுதினா படிக்கிறவங்க நாக்குல ஒண்ணும் படாது. எங்க பட்டுச்சு, அதைச் சொல்லு." நான் கண்ணை மூடி யோசித்தேன். நாவற்பழம் தின்ற பிறகு நாக்கு இழுத்துக்கொள்வது போல இருக்கிறது, பிறகு காதோரம் சூடாகிறது என்றேன். "அதான், அதையே எழுது" என்றாள். புத்தகத்தில் அந்த வரி அப்படியே இருக்கிறது.

அவள் போன பிறகுதான் சிக்கல் வந்தது. அச்சுக்கு அனுப்பும் முன் எல்லா இடங்களையும் ஒருமுறை சரிபார்ப்பது எங்கள் வழக்கம். ரீட்டா இல்லாததால் சேகர் சார் கம்பத்தில் தெரிந்த ஒரு கார் டிரைவரை அனுப்பினார். மற்ற இடங்கள் எல்லாம் இருந்தன. கடைசி வீடு இல்லை. காற்று நிற்கும் இடம் என்று எதுவும் கிடையாது, அப்படி ஒரு வீட்டை யாருக்கும் தெரியவில்லை என்று அந்த டிரைவர் சொல்லிவிட்டார்.

"நாயோட பேரு தெரியுதா? அந்த அம்மா பேரு? ஒரு போன் நம்பர்?" என்று சேகர் சார் என்னைக் கேட்டார். எனக்கு எதுவும் தெரியவில்லை. அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "பாவம், போன பிள்ளையைப் பத்திப் பேசக்கூடாது. ஆனா மைதிலி, ஒரு வீட்டைக் கற்பனை பண்ணினவ மத்ததையும் பண்ணியிருக்க மாட்டாளா? கடைசி அத்தியாயத்தை எடுத்துடலாம். அட்டையில உன் பேரு மட்டும் இருக்கட்டும். நாளைக்கு யாராவது வாசகர் போய்த் தேடினா, செத்துப் போனவ பேரு கெட வேண்டாம்."

அவள் பெயரைக் காப்பாற்றுவதற்காக அவள் பெயரை எடுக்கிறார். அவள் போய் வந்தாள் என்று சொல்ல நான் ஒருத்திதான் சாட்சி. ஆனால் நானே போகாதவள். அந்த வாரம் தனியாக மாட வீதியைச் சுற்றினேன். பந்தல் இருந்த இடத்தில் தானாகக் குனிந்தேன். பூட்டிய கடைமுன் நின்று கையைத் தொங்கப் போட்டேன். ஒன்றும் வரவில்லை. கற்பனைதானோ என்ற எண்ணம் எனக்கும் வந்தது.

முப்பதாம் நாள் பூசை அவர்கள் தெருமுனை மாதா கோயிலில் நடந்தது. பூசை முடிந்து வெளியே பந்தலில் டீயும் பன்னும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போல ஓரமாக, மதில் சுவரைப் பார்த்து நின்றேன். அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா, கட்டைப்பையோடு கூட்டத்தைத் துழாவிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"நீதான மைதிலி?"

"ஆமாம். நீங்க?"

"என்னத்தா இப்படிக் கேக்குற? எத்தன வாட்டி எங்க வீட்டுக்கு வந்திருக்க!"

"எந்த ஊரும்மா?"

"கம்பத்துக்கு அங்கிட்டு, சுருளிக்குப் போற வழி. ஈஸ்வரின்னு சொல்லிருக்குமே அந்தப் பிள்ள."

"நான் கம்பத்துக்கு வந்ததே இல்லைம்மா."

"அது தெரியும்த்தா எனக்கு" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது வந்தா ரெண்டு சேரு போடச் சொல்லும். ஒண்ணுல அது உக்காரும். ஒண்ணு உனக்கு. வாசல்ல வரையிலயே, 'மைதிலி, படி தாழ்வா இருக்கு, பாத்து வா'ன்னு பேசிக்கிட்டேதான் வரும். மொதல்ல எங்க வீட்டுக்காரரு, 'மெட்ராஸ்ல இருந்து ஒரு கிறுக்கு வந்திருக்குடி'ன்னாரு. அப்புறம் அவரே உனக்கு ஒரு டம்ளர் ஊத்தி வைக்க ஆரம்பிச்சிட்டாரு. சர்க்கர போடாம, உப்பு மட்டும்."

நான் எதிலும் சர்க்கரை சேர்த்துக்கொள்வதில்லை.

"என்னை எப்படி அடையாளம் தெரிஞ்சுது?"

"பேசுறதுக்கு முன்னாடி துப்பட்டா நுனிய முறுக்குவ, கூட்டத்துல செவரப் பாத்து நிப்பன்னு சொல்லிருக்கு. உள்ள நொழஞ்சதும் செவரத்தான் பாத்தேன்."

நான் விரல்களைத் துப்பட்டாவிலிருந்து எடுத்தேன்.

சேகர் சார் டீயோடு பக்கத்தில் வந்து நின்றிருந்தார். "எங்க டிரைவர் வந்து தேடினாரே அம்மா, இல்லைன்னு சொல்லிட்டாரே?"

"எப்ப வந்தாரு?"

"மத்தியானம்னு நினைக்கிறேன்."

"மத்தியானம் ஏதுய்யா காத்து? காத்தே இல்லாதப்ப எங்க வந்து நிக்கும்?" என்றார் ஈஸ்வரியம்மா. "சாயங்காலம் வரச் சொல்லுங்க. எங்க வீட்டுக்கு முன்னாடி பாறை மறைக்கும், சட்டுனு அடங்கிப் போகும்."

சேகர் சார் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். பிறகு என்னிடம், "அட்டை எப்படி இருந்துச்சோ அப்படியே போகட்டும்" என்றார். "அவ பேரு மேல, உன் பேரு கீழ." சற்றுத் தள்ளிப் போய்த் திரும்பி வந்து, "சாயங்காலம் போகணும்னு மட்டும் தெளிவா எழுதிடு" என்றார்.

ஜெரால்ட் அக்காவின் கைப்பேசியில் இருந்த எல்லா எண்களுக்கும் செய்தி அனுப்பியிருந்தான். அப்படித்தான் ஈஸ்வரியம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. இரவு பஸ் ஏறி வந்தவர் அன்று மாலையே திரும்ப வேண்டும் என்றார். கிளம்பும்போது கட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலம் திராட்சையும் ஓர் எவர்சில்வர் டம்ளரும் எடுத்துக் கொடுத்தார். விளிம்பில் லேசாக நெளிந்த பழைய டம்ளர்.

"இது உன்னோடது. உனக்குன்னு தனியா வச்சிருந்தோம், வேற யாருக்கும் கொடுக்கல."

எனக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. "உங்க வீட்டு நாய்..."

"மணியா? யாரு வந்தாலும் குலைச்சு ஊரக் கூட்டிரும். ஆனா உன் சேருக்கிட்ட வந்து மோந்து பாக்கும், வெறும் இடத்த நக்கும், காலடியில படுக்கும். எங்களுக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்கும்." அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "இப்ப ஒரு மாசமா அந்த ரெண்டு சேருக்கும் நடுவுல படுக்குது. சேர எடுக்கப் போனா உறுமுது. அதனால எடுக்கல."

அச்சான புத்தகம் இப்போது என் மேசையில் இருக்கிறது. அவள் பெயர் மேலே, என் பெயர் கீழே. அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை கொஞ்சம்தான். நன்றாக இருக்கிறது என்று எழுதாமல், எங்கே பட்டது என்று தேடும் நாக்கு. நெளிந்த டம்ளர். நான் இல்லாத ஓர் ஊரில் என் பெயரைச் சொல்லி ஒருத்தி இடம் போட்டு வைத்திருந்தாள் என்ற நினைப்பு. அம்மாவுக்கு ஒரு துணை கிடைத்ததும் அந்த நாற்காலியில் போய் உட்காருவேன்.

அதுவரை சனிக்கிழமைகளில் மாட வீதிக்குப் போகிறேன், அதே எதிர்த்திசையில். அம்மா திருநீறு மட்டும் கொடுத்தனுப்புகிறாள். போன வாரம் செல்வியைத் தாண்டும்போது பின்னால் ஒரு வேன் ஒலியெழுப்பியது. அவள் பூவிலிருந்து தலையைத் தூக்கி, என்னைப் பார்த்தாள், எனக்கு வலப்பக்கம் பார்த்தாள்.

"வண்டி வருது பாரு. ரெண்டு பேரும் ஓரமா போங்கம்மா" என்றாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. வலப்பக்கம் ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு இடம் விட்டு, ஓரமாக ஒதுங்கினேன்.